தொண்ணூறு நாளில் எத்தனை நூல்?

மெய்யியலும் இறையியலும் சேர்த்துப் படிக்கிற மாணவருக்குப் பருவத் தொடக்கத்தில் கையில் கிடைப்பது ஒரு பாடப் பட்டியல். அளவையியல், இந்திய மெய்யியல், மேலை மெய்யியல், சமய மெய்யியல், மூலநூல் ஒன்று என்று ஏறக்குறைய ஐந்து தாள்கள் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஐந்து யூனிட். ஒரு யூனிட்டுக்குள் சங்கரர், இராமாநுசர், மத்துவர் மூவரும் அடங்கிவிடுவார்கள். எந்தத் தாளை எந்த நாளில் படிப்பது என்று மாணவர் ஓர் அட்டவணை போடுவார், இரண்டாம் வாரத்தில் அது கிழிந்துவிடும். குறை மாணவரின் ஒழுங்கில் இருப்பதாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. தாள்களை எண்ணி நேரத்தைப் பங்கிடும் முறையிலேயே பிழை இருக்கிறது. இத்துறைகளில் ஒரு பருவத்தைத் திட்டமிட வேண்டியது வாசிப்பின் அளவையும் வாதத்தின் வரிசையையும் வைத்துத்தான். அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு பருவத்துக்கு இரண்டு நூல்களுக்கு மேல் ஆழமாகப் படிக்க முடியாது. இந்த முடிவுக்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதை ஒட்டிய தென்பெண்ணைக் கரையிலும் வளர்ந்த கல்வி மரபுகளே போதுமான அளவுக்குத் தருகின்றன.

முதலில் கடிகாரக் கணக்கு. ஒரு பருவம் என்பது 15 முதல் 18 வாரம், அதாவது 90 கற்பிக்கும் நாள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் வாரத்துக்கு 30 மணி வகுப்பும், மூன்றாண்டுக்கு 140 கிரெடிட்டும் வழக்கமான ஏற்பாடு. அமெரிக்கக் கிரெடிட் முறையில் ஒரு மணி வகுப்புக்கு வெளியே இரண்டு மணி சொந்தப் படிப்பு என்பது எழுதப்பட்ட விதி. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட்டே 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும், அதில் வகுப்பும் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தே இருக்கும். நாம் கிரெடிட் என்ற முறையை எடுத்துக்கொண்டோம். அதற்குள் இருந்த வாசிப்பு மணியை விட்டுவிட்டோம். 30 மணி வகுப்புக்கு இரண்டு மடங்கு வாசிப்பு என்றால் வாரத்துக்கு 60 மணி. வகுப்பையும் சேர்த்தால் 90 மணி. எந்த மனிதராலும் ஆகாது. ஆகாததால் கைடு வந்து நிற்கிறது. கைடு படிப்பதை ஒழுக்கக் கேடு என்று கண்டிக்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாணவர் நாளைக்கு நான்கு மணி வீதம் ஆறு நாள் வாசித்தால் 24 மணி கிடைக்கும். ஒரு தாளுக்கு வாரம் ஆறு மணி வகுப்பு என்று கொண்டால், அந்த 24 மணி சரியாக இரண்டு தாளுக்குத்தான் கட்டும். இரண்டு என்ற எண்ணுக்கு முதற்காரணம் இதுதான்.

நம்முடைய பழைய ஆசிரியர்கள் வகுப்பறையின் பங்கை இன்னும் குறைத்தே மதித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இலக்கண விதிகளுக்குள் நுழையும் முன்னரே பொதுப்பாயிரத்தில் கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் வகுக்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு; உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசும்போது இன்னொரு கால்; பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. இதைக் கடிகார மணியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பவணந்தியார் சொல்வது பங்குக் கணக்கு. ஆனால் அந்தப் பங்கு நமக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. இன்றைய கால அட்டவணை முழுவதும் அந்த முதல் காலுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முக்கால் பங்குக்கு அதில் இடமே இல்லை. மெய்யியலில் இந்த இழப்பு மற்றத் துறைகளைவிடக் கடுமையானது. ஏனென்றால் இங்கே கற்பது செய்தியை அல்ல, வாதத்தை. எதிர்த்துப் பேசுகிற ஒருவர் இல்லாமல் வாதம் மனத்தில் நிற்காது. ஆகவே நல்ல திட்டம் போடுகிற மாணவர் வாரத்தில் ஒரு மாலையையாவது, உடன் படிக்கும் இருவரோடு உட்கார்ந்து ஒரே பத்தியைப் பிரித்துப் பேசுவதற்கென்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது ஓய்வு நேரத்துப் பேச்சாக எண்ணிக் கழித்துவிடக் கூடியது அன்று. பாடத்தில் கால் பங்கு அது.

வாசிப்பை அளந்து திட்டமிடும் வழக்கமும் நம் மரபில் உண்டு. திருவாய்மொழிக்கு எழுந்த பழைய உரைகள் ஐந்தும் அளவாலேயே பெயர் பெற்றவை: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். அந்தக் கணக்கில் இத்தனை ஆயிரம் என்பது பொருள். நூலைத் திறக்கும் முன்னரே அதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆறாயிரத்தில் தொடங்கியவர் ஈட்டுக்கு ஆறு மடங்கு காலம் ஒதுக்க வேண்டும். மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஈட்டுக்கு விரிவுரை செய்தபோது, கோயிலின் திருவிழாக்களே அதற்காக நிறுத்தப்பட்டன என்றும், ஆவணியில் தொடங்கிய விரிவுரை ஆனி மூலத்தில் நிறைவேறியது என்றும் வைணவ மரபு சொல்கிறது. ஒரே நூலுக்குப் பத்து மாதம். இன்றைய கணக்கில் இரண்டு முழுப் பருவம். நம் பாடத்திட்டங்களில் திருவாய்மொழியும் அதன் உரை மரபும் ஒரு யூனிட்டின் ஒரு பகுதியாக, சில மணிகளில் முடிந்துபோகின்றன. எந்த மூலநூலுக்கு எத்தனை பக்கம், அதற்கு எந்த உரை என்பதைப் பாடத்திட்டம் சொல்வதும் இல்லை.

திட்டமிடுதல் என்றால் நடைமுறையில் என்ன என்பதைக் காட்ட ஒரு நூலை அருகில் வைத்துப் பார்ப்போம். திருக்கோவிலூருக்குக் கிழக்கே, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள்தாம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 40 அடிதான். பட்டியலில் பார்க்கிற மாணவர், இது ஒரு வார வேலை என்று நினைத்துவிடுவார். ஆனால் அந்தச் சூத்திரங்கள் 39 அதிகரணங்களாகப் பிரிகின்றன. ஒவ்வோர் அதிகரணத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வாதம் படிப்படியாக எழும்புகிறது. எடுத்துக்காட்டு வெண்பாக்கள் மட்டும் 81. பருவத்துக்கு 15 வாரம் என்று கொண்டால், வாரத்துக்கு மூன்று அதிகரணம் வீதம் 13 வாரத்தில் 39 முடியும். இரண்டு வாரம் திருப்பிப் பார்க்க மிஞ்சும். முதல் ஆறு சூத்திரம் பொது, பின் ஆறு உண்மை என்பது நூலின் பெரும் பிரிவு. முதல் ஆறிலும் அதிகரணங்கள் 21. ஏழாம் வார முடிவில் பொதுப்பகுதி சரியாக நிறைவு பெறுகிறது, பருவத்தின் நடுவில் வரும் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு அதுவே இயல்பான எல்லை. மீதி 18 அதிகரணம் ஆறு வாரத்துக்கு. நாள்காட்டியை நூலின் மேல் திணிக்காமல் நூலின் உறுப்புகளைக் கொண்டே நாள்காட்டியை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு பயனும் இருக்கிறது: சுமை எங்கே கூடும் என்று முன்னாலேயே தெரிகிறது. ஐந்தாம் சூத்திரத்துக்கு இரண்டு அதிகரணம், ஆறாம் சூத்திரத்துக்கும் இரண்டு. மூன்றாம் சூத்திரத்துக்கோ ஏழு. உடம்புக்குள் உயிர் என்று ஒன்று உண்டா என்பது அங்கே கேள்வி. உடம்பே உயிர் என்பார், ஐம்பொறியே உயிர் என்பார், மூச்சே உயிர் என்பார் என ஒவ்வொருவரையும் தனித்தனியே எதிர்கொள்ள வேண்டியிருப்பதால் அங்கே அத்தனை அதிகரணம். மேலே சொன்ன கணக்குப்படி அது மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஐந்தாம் வாரம் வரை நீள்கிறது. அந்த மூன்று வாரத்தில் வேறு கட்டுரையோ செமினாரோ ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது திட்டத்திலேயே தெரிந்துவிடும். தே கார்த் தம் தியானங்களை ஆறாக வகுத்தபோதும் இதே அக்கறை இருந்தது. எல்லாவற்றையும் ஐயுறுகிற முதல் தியானத்துக்கு மட்டும் வாசகர்கள் மாதக்கணக்கில், குறைந்தது வாரக்கணக்கிலாவது செலவிட வேண்டும் என்று, எழுந்த மறுப்புகளுக்கு அவர் தந்த மறுமொழியில் விரும்பிக் கேட்டுக்கொள்கிறார். நம் வகுப்புகளில் அந்த முதல் தியானம் ஒரு மணியில் முடிந்துவிடுகிறது. முடிந்தபின் மாணவரிடம் எஞ்சுவது ஐயம் அன்று, ஐயத்தைப் பற்றிய ஐந்து மதிப்பெண் விடை.

அடுத்தது வரிசை. எதை முன்னால் படிப்பது என்பதில் வேறுபட்ட மரபுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. சிவஞானபோதத்தையே மும்மூன்று சூத்திரமாகப் பிரித்து, பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என்று நான்கு இயலாக உரைகாரர்கள் காட்டுகிறார்கள். உண்டு என்று நிறுவுவது முதலில், அதன் இயல்பு அடுத்தது, வழியும் பயனும் அதற்குப் பின். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கத்தை வைத்து, உலோகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 பிற கொள்கைகளை எடுத்துக் கூறி மறுக்கிறார். அதன்பின் வரும் சுபக்கத்தின் வாசலிலேயே அளவை இருக்கிறது. இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டம் மெய்யியலுக்கு மூன்று ஆண்டும் இறையியலுக்கு நான்கு ஆண்டும் வகுத்தது. அதிலும் முதலாண்டு அளவையியலே. தோமா அக்குவினாரின் இறையியல் பெருநூல் தொடக்க மாணவருக்காக எழுதப்பட்டது. பயனற்ற கேள்விகள் பெருகிப்போனதும், துறையின் ஒழுங்கில் கற்பிக்காமல் கையில் இருக்கும் நூலின் போக்கில் கற்பிப்பதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் மாணவரைச் சலிப்பில் தள்ளுகின்றன என்று அதன் முன்னுரையிலேயே அவர் வருந்துகிறார். ஏழு நூற்றாண்டு கழித்தும் அந்தக் குறை தீரவில்லை. அளவையியல் ஒரு தாளாக எங்கோ நிற்க, அதை ஒரு நாளும் பயன்படுத்தாமலே சமய மெய்யியல் நடந்து முடிகிறது.

இங்கே அறிஞர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. மெய்யியலை முழுக்க முடித்துவிட்டுத்தான் இறையியலுக்கு வர வேண்டுமா, இரண்டையும் ஒரே பருவத்தில் நடத்தலாமா? கத்தோலிக்கக் குருமடங்கள் பெரும்பாலும் முதல் வழியைப் பின்பற்றின. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி கற்பிக்கச் சொன்னது. 2011இல் உரோமை, மெய்யியலின் முதல்நிலைப் பட்டத்தை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாக நீட்டியது. ஒருபுறம் இணைப்பு, மறுபுறம் மெய்யியலுக்குக் கூடுதல் காலம்: இரண்டும் தேவைதான். கல்லூரி மாணவருக்கு ஏழு ஆண்டு கிடையாது. அவருக்கு நான் சரி என்று கருதுவது, ஒரே கேள்விக்கு விடை தேடும் ஒரு மெய்யியல் நூலையும் ஓர் இறையியல் நூலையும் ஒரே பருவத்தில் இணைப்பது. உலகத்துக்கு ஒரு முதல்வன் உண்டு என்று நிறுவும் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தையும், கடவுள் உண்மைக்கு அக்குவினார் காட்டும் ஐந்து வழிகளையும் அடுத்தடுத்த வாரங்களில் படித்தால், ஒரு வாசிப்பு மற்றதற்கு உரையாகிவிடும். மூன்றாம் சூத்திரத்தோடு தே கார்த்தின் இரண்டாம் தியானம் சேரும். இரண்டு நூல் என்ற வரம்பு இப்படித்தான் குறுகலாகத் தோன்றாமல் போகிறது.

இப்படி இணைத்துப் படிப்பதற்குத் திருக்கோவிலூரைப் போல வாய்ப்பான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. முதலாழ்வார் மூவர் சந்தித்ததாக வைணவம் போற்றும் உலகளந்த பெருமாள் கோயில் ஊருக்குள் இருக்கிறது. அட்ட வீரட்டத்துள் ஒன்று கீழையூரில். துவைத மரபில் பெரிய உரையாசிரியரான இரகூத்தம தீர்த்தரின் பிருந்தாவனம் ஆற்றின் எதிர்க்கரையில், மணம்பூண்டியில். அத்வைதத் துறவி ஞானானந்தரின் தபோவனம் ஊரை ஒட்டி. பிரெஞ்சு பெனடிக்டைன் துறவியும் குளித்தலைச் சாந்திவனத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான அபிஷிக்தானந்தர், 1955இல் ஞானானந்தரைக் கண்டு, கிறித்தவ இறையியலுக்கும் அத்வைதத்துக்கும் இடையே தம் வாழ்நாள் முழுதும் நடத்திய உரையாடலுக்கு இங்கேதான் ஒரு திருப்பம் பெற்றார். சுந்தரர் பிறந்த திருநாவலூரும், அப்பாண்டைநாதரைக் கொண்ட சமணத் தலமான திருநறுங்கொண்டையும் உளுந்தூர்பேட்டை வட்டத்தில். இத்தனை கொள்கையும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் மாவட்டத்துப் பிள்ளைகள், துவைதம் எது அத்வைதம் எது என்று கைடைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது. பருவத்தில் ஒரு சனிக்கிழமை போதும்.

இனி மறுப்புகள். தாள்களை மாணவரா தேர்ந்தெடுக்கிறார், பல்கலைக்கழகம் கொடுத்ததைத்தானே படிக்கிறார் என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் தாள் கொடுக்கப்பட்டதே தவிர, அதற்குச் செலவாகும் மாலை நேரம் கொடுக்கப்படவில்லை. அதைப் பங்கிடுவது மாணவர் கையில். ஐந்தில் இரண்டை மூலநூலோடு படித்து, மூன்றை வகுப்புக் குறிப்போடும் ஒரு நல்ல பாடப்புத்தகத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த மூன்றிலும் அரியர் விழுந்துவிடுமே என்பது அடுத்த அச்சம், அது நியாயமான அச்சமும்கூட. அதற்காகத்தான் வகுப்பு மணி 30ஐயும் வீணாக்காமல் இருக்க வேண்டும் என்கிறேன். மூன்று தாளுக்கு 18 மணி வகுப்பு இருக்கிறது. அந்த நேரத்திலேயே குறிப்பெடுத்து, அன்றைக்கே ஒரு பக்கம் திருப்பி எழுதினால் தேறுவதற்கு அது போதும். ஐந்துக்கும் சமமாக நேரம் கொடுத்து ஐந்திலும் மேலோட்டமாக நிற்பது பாதுகாப்பான வழியாகத் தோன்றினாலும், இறுதியாண்டில் எந்த நூலையும் சொந்தமாகப் பேச முடியாத நிலையில் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டு நூலோடு நின்றால் பரப்பு குறுகும், போட்டித் தேர்வுக்கு உதவாது என்பார்கள் சிலர். பரப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பரபக்கம் ஒன்றையே ஒழுங்காகப் படித்தவர் பௌத்தத்தின் நான்கு பிரிவையும், சமணத்தையும், ஆசீவகத்தையும், மீமாஞ்சையின் இரு கிளையையும், சாங்கியத்தையும் ஒரே நூலுக்குள் சந்தித்துவிடுகிறார். அந்தப் பரப்பு அறிமுகப் புத்தகத்தின் பரப்பைவிடக் கூர்மையானது, ஏனென்றால் ஒவ்வொரு கொள்கையும் ஒரு வாதமாக வந்து நிற்கிறது. எதிராளியின் எழுத்தில் கண்ட பௌத்தம் முழுப் பௌத்தம் ஆகாது என்பதும் சரியே. அடுத்த பருவத்தில் மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையையும் அதற்கடுத்த காதைகளையும் எடுத்துக்கொள்ளலாம். போட்டித் தேர்வைப் பொறுத்தவரை, குடிமைப் பணித் தேர்வில் மெய்யியல் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள், இரண்டாம் தாளில் சமய மெய்யியலுக்கென்று தனிப் பகுதி. அங்கே கேட்கப்படுவதும் வாதத்தை எடுத்து நடத்தும் திறனே.

கடைசி மறுப்பு கல்வராயன் மலையை முன்னிறுத்தி எழுவது. வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு மெய்யியல் எதற்கு, வேலைக்கு ஆகும் படிப்பு போதாதா? அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது; அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அடுத்தவர் சொன்னதைக் கேட்டு நடப்பதே வாழ்க்கையாக இருந்த ஒரு நிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு, ஒரு கூற்றை ஏது கேட்டு எடைபோடும் பயிற்சி மற்றவர்களைவிட அதிகம் தேவை. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் சார்பில் நாம் சொல்லக் கூடாது. திட்டமிடுவதில் அவர்களுடைய இடர் வேறு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு நாளைக்குச் சில மணி நேரம் மலைப்பாதைப் பேருந்திலேயே போய்விடும். மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஊருக்குப் போக வேண்டிய நாட்கள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையேறி இறங்குவதே தடைபடும். ஆகவே ஜூனில் தொடங்கும் பருவத்தில் கடினமான பகுதியை நவராத்திரிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்பகுதியை எழுதுவதற்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். சிவஞானபோதக் கணக்கில் மூன்றாம் சூத்திரம் ஐந்தாம் வாரத்துக்குள் முடிவது இவர்களுக்கு இன்னும் பெரிய வசதி. இவர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பணியும் உண்டு. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் தாங்கள் என்று அந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சொல்லிவரும் வரலாறும், அவர்களுடைய கரியராமர் வழிபாடும் எந்தப் பாடத்திட்டத்து இறையியலிலும் இடம்பெறுவதாகத் தெரியவில்லை. பருவத்துக்கு ஒரு செயல்திட்டக் கட்டுரை எழுதத்தான் வேண்டுமென்றால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதை எழுதட்டும்.

இதில் மாணவர் மட்டும் மாறினால் போதாது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கும் சென்னையிலும் மதுரையிலும் மெய்யியல், சமயப் பாடங்களுக்குப் பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்களிடம் கேட்பது மூன்றே. ஒவ்வொரு தாளுக்கும் வாரத்துக்கு எத்தனை பக்கம் வாசிப்பு என்று அச்சிடுங்கள். பருவத்துக்கு ஒரு மூலநூலையாவது முதலிலிருந்து முடிவு வரை வையுங்கள். வார வகுப்பு 30 மணியில் மூன்று மணியை மாணவர்கள் தங்களுக்குள் பேசி வாதிடுவதற்கு விடுங்கள். மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பருவம் தொடங்கும் முன், தாள் பட்டியலைப் பார்த்து இரண்டு நூல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அதிகாரங்களை வாரவாரியாகப் பிரித்து எழுதி, உடன் படிக்கும் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.